மருந்தடிப்பவரைக் கேட்காமல் களைக் கொள்கை எழுதாதீர்கள்
சிலாங்கூர் மாநில ஆட்சிக்குழுவுக்குப் பத்தாங் காலியிலிருந்து ஒரு திறந்த மடல்

விவசாயத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் பொறுப்பேற்றிருக்கும் மாண்புமிகு ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் தோட்டத்துக் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவன். இப்போது கொஞ்சம் செம்பனை வைத்திருக்கிறேன். ஊரில் மாடு வளர்ப்பவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பது, இலாகாக்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என்று மீதிப் பொழுது போகிறது. இந்தக் கடிதம் யாருடைய பெர்மிட்டுக்காகவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து நம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் செடிகளைப் பற்றி மாநிலத்துக்கென்று ஒரு கொள்கை வேண்டும். அதைக் கேட்கவும், எழுதும்போது யாரையெல்லாம் கூப்பிட வேண்டும் என்று சொல்லவும் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு கெட்ட பெருமை உண்டு. மலேசியாவில் பார்த்தீனியம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 2013 செப்டம்பரில், இந்த உலு சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் காலிப் பக்கத்தில். பிறகு கெடாவிலும் பேராவிலும் கண்டார்கள். மலாயில் ரும்பாய் மியாங் மெக்சிகோ என்கிறார்கள். கேரட் இலை மாதிரி இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். முளைத்து ஒரு மாதத்தில் பூத்துவிடும். ஒரே செடி 15,000 விதைக்கு மேல் கொட்டும். அந்த விதை மண்ணுக்குள் பல வருடம் காத்திருக்கும். தொட்டால் சிலருக்குத் தோல் வெடிக்கும், மகரந்தம் பட்டால் மூச்சு இழுக்கும். மாடு தின்றால் வாய் புண்ணாகும், பால் கசக்கும். தமிழ்நாட்டில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1955-இல் பூனேயில் கண்டுபிடிக்கப்பட்டு, இந்தியா முழுக்கப் பரவிய செடி இது. அங்கே இன்று அதை ஒழிப்பது பற்றி யாரும் பேசுவதில்லை, சமாளிப்பது பற்றித்தான் பேசுகிறார்கள்.

நாம் இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை என்பதால்தான் அவசரப்படுகிறேன்.

மத்திய அரசு சும்மா இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 1976-ஆம் ஆண்டின் பயிர்த் தனிமைப்படுத்தல் சட்டம் இருக்கிறது, அதற்கு 1981-இல் வந்த விதிகள் இருக்கின்றன. ஊடுருவும் அந்நிய உயிரினங்களுக்கான தேசியச் செயல்திட்டம் 2014 முதல் 2018 வரை ஒன்று, 2021 முதல் 2025 வரை ஒன்று என்று இரண்டு வந்திருக்கின்றன. ஆனால் அந்தச் சட்டத்தின் கண் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் இருக்கிறது. செடி உள்ளே வந்துவிட்ட பிறகு அது வளர்வது நிலத்தில். நிலமும் காடும் மாநிலத்தின் கையில். சாலையோரத்துப் புல்லை வெட்டக் குத்தகை கொடுப்பது நகராண்மைக் கழகமும் பொதுப்பணியும். டி.ஓ.எல். என்ற தற்காலிக நில உரிமம் கொடுப்பது நில அலுவலகம். ஆற்றோரம் ஓர் இலாகா, மின்கம்பிக்குக் கீழே இருக்கும் ரெந்திஸ் இன்னொரு நிறுவனம், தண்டவாளத்து ஓரம் வேறொருவர். செடி இந்த எல்லாவற்றையும் ஒரே மழைக்காலத்தில் தாண்டிவிடுகிறது. நம் கோப்பு ஓர் அலுவலகத்தின் வாசலைத் தாண்ட எவ்வளவு காலம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் எல்லாச் செடியையும் ஒரே பட்டியலில் போட்டுவிடாதீர்கள். எங்கள் மாவட்டத்தில் நடந்து பார்த்தால் உலகத்தின் மிக மோசமான நூறு ஊடுருவிகள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் இருக்கும் செடிகள் பல கண்ணில் படும். வேலியை மூடும் மிக்கானியா கொடி, சாலையோரத்தில் அழகுக்காக நட்டு இப்போது வாய்க்காலுக்குள் இறங்கிவிட்ட மஞ்சள் பூ வெடேலியா, புங்கா தாஹி ஆயாம் என்று மலாயில் சொல்லும் நம்மூர் உண்ணிச்செடி, ஆடுகளுக்கு ஒடித்துப்போடும் பெத்தாய் பெலாலாங், ரப்பர் காலத்திலிருந்து நம்மோடு மல்லுக்கட்டும் லாலாங், காட்டோரத்தில் மயிர் இலைச் செடியான செண்டுடுக் புலு. இவற்றில் பாதியை இனி யாராலும் ஒழிக்க முடியாது. வீட்டு வேலியில் மிக்கானியா ஏறியிருக்கிறது என்று ஒரு கிழவிக்கு அபராதம் போட்டால் செடி குறையாது, உங்கள் மீது இருக்கும் மரியாதைதான் குறையும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 2009 செப்டம்பரில் கொண்டுவந்த விதியில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. மாநிலத்துக்குள் இன்னும் வராத, அல்லது அங்கங்கே மட்டும் இருக்கும் செடிகள் ஒரு வகை. அவற்றைக் கண்டால் அகற்றியே ஆக வேண்டும். ஏற்கெனவே பரவிவிட்டவை இன்னொரு வகை. அவற்றை விற்கவோ புதிதாக நடவோ கொண்டுபோகவோ கூடாது, ஆனால் உன் நிலத்தில் இருக்கிறதே என்று யாரையும் குற்றவாளியாக்குவதில்லை. எந்தச் செடி எந்த வகை என்பதை அதிகாரிகள் மட்டும் முடிவுசெய்யவில்லை. செடி விற்பவர்கள், ஆராய்ச்சியாளர்கள், நிலம் வைத்திருப்பவர்கள் எல்லோரையும் குழுக்களாக உட்காரவைத்து ஒவ்வொரு செடியாகப் பேசினார்கள். நம் மாவட்டத்தில் பார்த்தீனியம் முதல் வகைக்குப் போக வேண்டும். மிக்கானியாவும் லாலாங்கும் இரண்டாவது வகை. செண்டுடுக் புலுவை எங்கே வைப்பது என்பதைத்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

வெளிநாட்டுச் செடி என்பதாலேயே ஒன்று கெட்டதாகிவிடாது என்பதையும் கொள்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இந்த மாநிலத்துக்குச் சோறு போட்ட ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, 1917-இல் கோல சிலாங்கூர் பக்கத்துத் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராக முதலில் நடப்பட்டது. நம் குழம்பில் விழும் மிளகாயும் வந்ததுதான். எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் என்ன செய்கிறது என்று கேளுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வேறுபாடு கொஞ்சம் நெருக்கமானது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, யாரைக் கேட்பது?

முதலில் மாடு வளர்ப்பவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் உடைக்கப்பட்ட பிறகும் மாட்டை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. செம்பனைக்கு அடியிலும், ரெந்திஸிலும், வீடமைப்புத் திட்டம் வரும் வரும் என்று காலியாகக் கிடக்கும் நிலத்திலும் மேய்க்கிறார்கள். மாட்டுக்குப் பின்னால் தினமும் நடப்பவனுக்கு நிலத்தில் புதிதாக என்ன முளைத்திருக்கிறது என்பது எந்த இலாகாவுக்கும் முன்னால் தெரியும். மாடு எதைத் தின்கிறது, எதை ஒதுக்குகிறது, எந்தப் பக்கம் போய்வந்தால் பால் கசக்கிறது, எல்லாம் தெரியும். பார்த்தீனியத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க மாநிலம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தாலும் இவ்வளவு கண்கள் கிடைக்காது.

ஆனால் அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஏன் சொல்ல வேண்டும்? செடி எங்கே இருக்கிறது என்று சொன்னால், நீ அங்கே எதற்குப் போனாய் என்ற கேள்வி வரும். கொட்டகைக்கு டி.ஓ.எல். இருக்கிறதா, மாட்டுக் காதில் எண் இருக்கிறதா, கம்பெனியின் நிலத்துக்குள் யார் விட்டது என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். செடியைப் பற்றிப் புகார் கொடுக்கப் போனவன் மாட்டைப் பறிகொடுத்துவிட்டு வருவான். நான் நிரப்பிக் கொடுத்த பாரங்களில் பாதி இந்த வகைதான். பெர்மிட்டுக்கு விண்ணப்பித்து ஆண்டுக்கணக்காகப் பதில் வராமல், பெர்மிட் இல்லை என்று மட்டும் உடனே கடிதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப் போவதில்லை, அது இன்னொரு மடல்.

ஆகவே கொள்கையில் ஒரு வரி வேண்டும்: செடியைக் கண்டு தெரிவிப்பவர் மீது, அந்தத் தகவலை வைத்து நில விஷயத்திலோ மேய்ச்சல் விஷயத்திலோ எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது. இதற்கு மத்திய அரசைக் கேட்க வேண்டியதில்லை, சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. நில அலுவலகமும் நகராண்மைக் கழகமும் உங்களுக்குக் கீழே இருப்பவை, ஒரு சுற்றறிக்கை போதும். மாட்டுக்காரர்களின் நிலப் பிரச்சினை வேறு, அதற்குத் தனியாக வழி காணுங்கள். இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

மாடும் விதையைப் பரப்புகிறதே என்று உங்கள் அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். குளம்பு மண்ணிலும், வாங்கிவரும் வைக்கோலிலும், லோரியில் ஏற்றி இறக்கும் இடத்திலும் விதை போகும். அதனால்தான் மாட்டுக்காரரை எதிராளியாக நிறுத்தினால் வேலை நடக்காது என்கிறேன். புதிதாக வாங்கிய மாட்டைச் சில நாள் தனியாகக் கட்டிவைத்து, அந்த இடத்தில் என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு மேய்ச்சலுக்கு விடுவது கடினமில்லை. ஆனால் அதை அவருக்குச் சொல்லவும், சொல்வது காதில் ஏறவும், முதலில் அவர் உங்களைக் கண்டு ஓடாமல் இருக்க வேண்டும்.

அடுத்து, புல் வெட்டும் குத்தகையாளர்கள். இவர்களைப் பங்குதாரர் என்று எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் விதைக்கு இவர்களைவிட நல்ல வாகனம் கிடையாது. காலையில் ரவாங் போகும் சாலையோரம், மதியம் பள்ளிக்கூடத்துத் திடல், சாயங்காலம் இடுகாடு என்று ஒரே மிஷின் சுற்றுகிறது. பூத்த செடியின் மேல் கத்தி ஓடினால் விதை பிளேடு மூடிக்குள்ளும் டயருக்கு இடையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய் இறங்கும். இதில் வெட்டுகிற பையனைத் திட்டிப் பயனில்லை. குத்தகை இத்தனை கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றுதான் போடப்படுகிறது. மிஷினைக் கழுவும் நேரத்துக்குக் காசு கிடையாது, கழுவ இடமும் கிடையாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பார்த்தீனியத்துக்காகவே சாலையோரங்களில் வாகனம் கழுவும் இடங்கள் கட்டியிருக்கிறார்கள். வண்டியும் இயந்திரமும் தீவனமும் இடம் மாறும்போது விதை இல்லை என்று எழுதிக் கொடுக்கும் முறையும் வைத்திருக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அடுத்த முறை புல்வெட்டுக் குத்தகை விடும்போது மிஷின் கழுவுவதை ஒரு வேலையாகச் சேர்த்து, அதற்கு ரிங்கிட் ஒதுக்குங்கள். பார்த்தீனியம் இருக்கும் இடத்தைக் கடைசியில் வெட்டச் சொல்லுங்கள். பூக்கும் முன் வெட்டச் சொல்லுங்கள். இந்தச் சின்ன மாற்றம் பத்து விழிப்புணர்வு பேனருக்குச் சமம்.

இப்போது நான் உண்மையில் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

களையை ஒழிப்போம் என்று ஒரு கொள்கை சொன்னால், தோட்டத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: மருந்து அடி. அதிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, தோளில் பம்பை மாட்டி அனுப்புவார்கள். எங்கள் காலத்தில் இந்த வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். என் அம்மாவும் அடித்தார். பாராக்குவாட் என்ற களைக்கொல்லி. நகம் கறுத்து உதிர்ந்ததையும், மூக்கில் ரத்தம் வந்ததையும் அவர் வேலையோடு சேர்ந்த விஷயமாகத்தான் எடுத்துக்கொண்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள், அந்தப் பதிவேட்டில் மருந்து என்ற வார்த்தையே இருக்காது. 2002-இல் தெனாகனித்தா அமைப்பு தோட்டப் பெண்களிடையே ஆய்வு நடத்தி இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. அதே ஆண்டு அரசாங்கம் பாராக்குவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் தடை முழுதாக வந்தது. அறிவிப்புக்கும் தடைக்கும் இடையில் எத்தனை பேர் பம்பைத் தூக்கினார்கள் என்று கணக்கு எடுத்தவர் யாரும் இல்லை. அந்த நாட்களில் இதைப் பற்றி நடந்த கூட்டங்களில் கம்பெனிகள் இருந்தன, மருந்து விற்பவர்கள் இருந்தார்கள், இலாகாக்கள் இருந்தன. பம்பு தூக்கியவர் எத்தனை கூட்டத்தில் இருந்திருப்பார்?

இன்று பம்பைத் தூக்குபவர்களில் நம்மவர்கள் குறைந்துவிட்டார்கள். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள் அதே தோட்டத்தில் அதே வேலையைச் செய்கிறார்கள். மருந்தின் பெயர் மாறியிருக்கிறது, குளுபோசினேட், கிளைபோசேட் என்று. டப்பாவில் மலாயில் எழுதியிருப்பதை அவர்களில் எத்தனை பேர் படிக்க முடியும்? பங்குதாரர் கருத்துக் கேட்பு என்று நடத்தினால் அந்தக் கூட்டத்தில் வங்காள மொழி பேசத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் நம் ஆட்களே சிலர் என்னை முறைப்பார்கள். முறைக்கட்டும். நம் அம்மாக்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கலாம் என்று ஆகிவிடக் கூடாது.

மருந்தை மட்டுமே நம்பினால் செடியும் பழகிக்கொள்ளும். பேராவில் தெலுக் இந்தான் பக்கம் 1997-இலேயே கிளைபோசேட்டுக்கு மசியாத ரும்புட் சம்பாவ் புல்லைக் கண்டுபிடித்தார்கள். அடித்த மருந்தையே திரும்பத் திரும்ப அடித்ததன் பலன். ஆகவே எந்தச் செடிக்கு எது வழி என்பதைக் கொள்கையில் வேறுபடுத்தி எழுதுங்கள். பார்த்தீனியம் சின்ன இடத்தில் இருந்தால் பூக்கும் முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்கலாம், மருந்தே வேண்டாம். பூத்த பிறகு பிடுங்கினால் விதையை நாமே உதறிவிட்டு வருவோம், தோலுக்கும் ஆபத்து. பிடுங்குபவருக்குக் கையுறையும் முகக்கவசமும் நீளக்கை சட்டையும் யார் வாங்கித் தருவது, அரிப்பு வந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் எப்படிப் பதிவது என்பதும் கொள்கையில் இருக்க வேண்டும். கோயில் திருப்பணி மாதிரி ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடுங்கவைத்துப் படம் எடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். இது பிள்ளைகள் தொடக்கூடிய செடி இல்லை.

பூச்சியை விட்டு அடக்கும் முறையும் உண்டு. இந்தியாவில் மெக்சிகோ வண்டு ஒன்றைக் கொண்டுவந்து, 1984-இல் பார்த்தீனியத்தின் மேல் விட்டார்கள். செண்டுடுக் புலுவுக்குப் பிஜித் தீவில் 1930-இலேயே ஒரு பூச்சியை இறக்கி நல்ல பலன் கண்டார்கள். அதே பூச்சி ஹவாயில் வெயில்பட்ட இடத்தில் வேலை செய்தது, காட்டு நிழலில் செய்யவில்லை. இதையெல்லாம் முடிவுசெய்ய மாநிலத்தால் முடியாது, மத்திய அரசின் ஆய்வும் அனுமதியும் வேண்டும். கேட்டுவைப்பதில் தவறில்லை.

கம்பெனிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் இல்லாமல் இந்த மாவட்டத்தில் எதுவும் நடக்காது. மறுநடவு செய்யும்போது வெற்று மண்ணை மூட மூக்குனா பிராக்தியேட்டா கொடியை விடுகிறார்கள். வடகிழக்கு இந்தியாவைச் சேர்ந்த இந்தக் கொடி கேரள ரப்பர் தோட்டங்கள் வழியாக 1990-களின் தொடக்கத்தில் இங்கே வந்தது. நல்ல கொடிதான், குறை சொல்ல மாட்டேன். லாலாங்கை அமுக்குகிறது, மண் அரிப்பைத் தடுக்கிறது, தழைச்சத்து கொடுக்கிறது. ஆனால் சுற்றுக்கு ஆள் அனுப்பி அறுத்துவிடாவிட்டால் எல்லைக் கானைத் தாண்டி வந்து சிறுதோட்டக்காரனின் இளங்கன்று மேல் ஏறிவிடுகிறது. கம்பெனிக்கு ஆள் பற்றாக்குறை என்றால் அந்தச் செலவு பக்கத்து நிலத்துக்காரன் தலையில் விழுகிறது. செம்பனைக் கம்பெனிகள் வாங்கும் ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழின் 2018 விதிகளிலேயே, ஊடுருவும் செடி என்று பதிவான எதையும் பரவாமல் தடுக்கும் திட்டமும் கண்காணிப்பும் இல்லாமல் தோட்டத்தில் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. வெளிநாட்டு வாங்குபவருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததைப் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் செய்து கொடுத்தால் என்ன? எல்லையிலிருந்து இத்தனை மீட்டர் வரை கொடியை விடக் கூடாது என்று மாநிலம் எழுதட்டும். எத்தனை மீட்டர் என்பதைக் கம்பெனிக்காரரும் சிறுதோட்டக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடிக்கட்டும்.

காட்டு விஷயத்திலும் தோட்டத்துக்குப் பங்கு உண்டு. நெகிரி செம்பிலானில் பாசோ காட்டில் நடந்த ஆய்வுகளை உங்கள் வன இலாகா நன்றாக அறியும். காட்டுப் பன்றி இரவில் செம்பனைத் தோட்டத்துக்கு வந்து பழம் தின்கிறது. பெருகிய பன்றிகள் காட்டுக்குள் திரும்பிப் போய் மண்ணைக் கிளறுகின்றன, குட்டி போட இளமரங்களை ஒடித்துக் கூடு கட்டுகின்றன. கிளறிய மண்ணும் விழுந்த வெளிச்சமும் செண்டுடுக் புலுவுக்கு வாசல் திறந்துவிடுகின்றன. நாங்கள் சின்ன வயதில் பறித்துத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்ட நாட்டுச் செண்டுடுக் வேறு, இந்த மயிர் இலைக்காரன் மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்தவன். காட்டோரத்தில் இது எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கேட்க வேண்டுமானால் கோல குபு பாரு பக்கத்தில் பெர்தாக்கில் இருக்கும் தெமுவான் மக்களைக் கேளுங்கள். அணைக்காக ஒரு முறை இடம் மாற்றப்பட்டவர்கள் அவர்கள். இந்த முறையாவது முடிவெடுத்த பிறகு போய்ச் சொல்லாமல், முடிவெடுக்கும் முன் போய்க் கேளுங்கள்.

நாற்றுப் பண்ணைக்காரர்களுக்கு அவகாசம் கொடுங்கள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 2019 ஏப்ரலில் 44 வகைச் செடிகளின் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தபோது, கடையில் இருந்த சரக்கை விற்றுத் தீர்க்க ஓராண்டு விட்டது. இங்கே பண்ணைக்காரர் கேட்கும் முதல் கேள்வி எனக்கே தெரியும்: வெடேலியாவைச் சாலை நடுவில் நட்டது யார், நாங்களா நீங்களா? நகராண்மைக் கழகத்தின் அழகுபடுத்தும் பிரிவை முதலில் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், கேள்விக்குப் பதில் அவர்களே சொல்லட்டும்.

நம் ஆட்களிடமும் ஒரு வார்த்தை. ஊருக்குப் போய்வரும்போது பெட்டிக்குள் விதைப் பொட்டலமும், கோயிலுக்கென்று வேரோடு கன்றும், மாட்டுக்கென்று ஏதோ தீவனமும் கொண்டுவருகிறோம். அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதை மண்டபத்தில் தமிழில் யாராவது எடுத்துச் சொன்னால் பாதிப் பேர் கேட்பார்கள். கோயில் தலைவர் சொன்னால் முக்கால்வாசிப் பேர் கேட்பார்கள். அதற்குப் பதிலாக வேம்பையும் துளசியையும் எருக்கையும் பட்டியலில் தூக்கிப் போடும் முன் கோயில் பொறுப்பாளர்களையும் நாட்டு வைத்தியம் பார்ப்பவர்களையும் ஒரு தடவை கேளுங்கள். அப்படி யாரும் செய்யப் போவதில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இணையத்தில் கிடைத்த வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே நகலெடுத்த அரசாங்கத் தாள்களை இந்தக் கையாலேயே தட்டச்சு செய்திருக்கிறேன்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டையே பார்க்கலாம். சீமைக்கருவேலத்தை ஒரு காலத்தில் அரசாங்கமே விதை தூவிப் பரப்பியது. பிறகு 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அடியோடு அகற்ற உத்தரவிட்டது, மாவட்டம் மாவட்டமாக இயந்திரங்கள் இறங்கின. வேர் இருந்த இடத்தில் மறுபடி துளிர்த்தது. கரி மூட்டம் போட்டுப் பிழைத்த ராமநாதபுரத்துக் குடும்பங்கள் நாங்கள் எங்கே போவது என்று கேட்டன. அதே ஆண்டு நீதிமன்றமே அந்த வேலையை நிறுத்திவைத்து, வல்லுநர் ஆய்வு கேட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு ஊடுருவும் செடிகளுக்கும் வாழிடச் சீரமைப்புக்கும் சேர்த்து ஒரு தனிக் கொள்கையே வெளியிட்டது. வெட்டிய இடத்தில் திரும்ப எதை வளர்ப்பது என்பதும் அதற்குள் வந்தது. நீலகிரிப் பக்கத்துப் பழங்குடியினர் உண்ணிச்செடித் தண்டில் நிஜ யானை அளவிலேயே யானைகள் செய்து லண்டன் பூங்கா வரை அனுப்பியது தனிக் கதை. அகற்றும் வேலையே சிலருக்குக் கூலியாக முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். இங்கே ரும்புட் இஸ்ராயேல் என்ற களையை ஆட்டுக்காரர்கள் அறுத்துக்கொண்டு போகிறார்கள். அதற்கு மருந்தடிக்கும் காசில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்வார்கள்?

கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதையும் எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஷா ஆலாமில் குளிரூட்டிய மண்டபத்தில் வைத்தால் வரப்போவது கம்பெனியும் பல்கலைக்கழகமும் மட்டும்தான். கறப்பவரும் குலை வெட்டுபவரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர மாட்டார்கள். மாலை ஐந்தரைக்கு மேல், இங்கேயே, மண்டபத்தில் வையுங்கள். இந்திய சமூகத் தலைவர்களும் கம்பத்துத் தலைவர்களும் ஆளைக் கூட்டுவார்கள். பேச்சு மலாயிலும் தமிழிலும் வங்காளத்திலும் இருக்கட்டும். மேடையில் வரைபடம் காட்டுவதை விட, வேரோடு பிடுங்கி நெகிழிப் பையில் கட்டிய செடியை ஒரு மேசையில் வைத்து, எங்கே பார்த்தீர்கள் என்று கேளுங்கள். முதல் அரை மணி நேரம் மாட்டு பெர்மிட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் செடியைப் பற்றி உங்கள் அறிக்கைகளில் இல்லாத விஷயம் வரும். கேட்டதை எழுதி, எதை ஏற்றீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று திரும்ப வந்து சொல்லுங்கள். கருத்துச் சொன்னவருக்குப் பதில் வராவிட்டால் இரண்டாவது கூட்டத்துக்கு நாற்காலிகள்தான் வரும்.

பணம் யார் கொடுப்பது என்பதை மட்டும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாதீர்கள். பார்த்தீனியம் மாதிரிச் செடியைச் சிறுநிலத்துக்காரர் நிலத்தில் கண்டால் அகற்றும் செலவு மாநிலத்துடையது என்று எழுதுங்கள். பெரிய தோட்டம் என்றால் தோட்டத்துடையது. சாலையோரம் என்றால் சாலைக்குப் பொறுப்பானவருடையது. ஒருமுறை பிடுங்கிவிட்டுப் போனால் போதாது, மண்ணில் விதை இருக்கும்வரை அதே இடத்துக்கு ஆள் வர வேண்டும். அந்தத் தொடர்செலவும் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

அக்டோபர், நவம்பர் மழையில் புதுச் செடி முளைக்கும். அதற்கு முன்னால் செய்யக்கூடியவை இரண்டு: தகவல் கொடுப்பவர் மீது நடவடிக்கை இல்லை என்ற சுற்றறிக்கை, புல்வெட்டுக் குத்தகையில் மிஷின் கழுவும் வரி. கொள்கை முழுதாக வரும்வரை இவை காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்குத் தேதி குறித்தால் இந்திய சமூகத் தலைவர் மூலம் சொல்லி அனுப்புங்கள், மாட்டுக்காரர்களை அழைத்து வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர்,
பத்தாங் காலி, உலு சிலாங்கூர்